குழந்தையோடு ஹனோயில்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹனோயில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பக்கத்து அறையில் கைக்குழந்தையோடு தங்கியிருந்த அமெரிக்கத் தம்பதியைப் பற்றி இரண்டு வரி வருகிறது. அந்த இரண்டு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். என் தாத்தா சாய்கோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர். இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நெம் என்னும் வியட்நாமியப் பொரித்த சுருள் இல்லாமல் பந்தி கிடையாது. நீண்ட காத்திருப்புக்குப் பிறகு வட வியட்நாமிலிருந்து 14 மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுக்க அனுமதி வந்திருக்கிறது. ஜனவரி இறுதியில் புறப்படுகிறோம். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்குமாக மூன்று வாரமாவது ஹனோயில் தங்க வேண்டுமாம். "அறையை விட்டு அதிகம் வெளியே போகாதீர்கள், வேறு யாரையும் தூக்க விடாதீர்கள்" என்று இங்கே பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்த மூன்று வாரத்தை எப்படிக் கழிப்பது? குழந்தையிடம் தமிழில் பேசுவதா, பிரெஞ்சிலா என்று மாமியார் வேறு கேட்கிறார். குழந்தையின் கோப்பு இரண்டே பக்கம். அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நான் தத்தெடுத்தவன் அல்லன். தத்தெடுத்தவர்களின் பக்கத்து அறைக்காரன், சுவரும் மெல்லியது. அவ்வளவுதான் என் தகுதி.

2008 ஜனவரியில் ஹனோயின் பழைய நகரத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு நான்கு மாடி உயர்ந்து நிற்கும் விடுதியில் மாத வாடகைக்கு இருந்தேன். அந்த ஆண்டு வட வியட்நாமில் 38 நாட்கள் விடாமல் குளிர் அடித்தது. பனியா மழையா என்று சொல்ல முடியாத ஒரு தூறல். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்தக் குளிரில்தான் அந்த அமெரிக்கத் தம்பதி ஐந்து மாதக் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். அன்று காலை மாகாண நீதித்துறை அலுவலகத்தில், ஹோ சி மின் சிலைக்கு முன்னால் கையெழுத்திட்டு வாங்கிய குழந்தை. அறைக்குள் போனதும் அதன் சட்டையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, குளிப்பாட்டிப் புதுத் துணி போட்டிருக்கிறார்கள். மூட்டைப்பூச்சி பயம். கூடையைக் காலி செய்ய வந்த பணிப்பெண் அந்தச் சட்டையை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். அவர்கள் மறுபடி எறிந்தார்கள். அவள் மறுபடி எடுத்து வைத்தாள்.

முதல் மூன்று இரவும் குழந்தை அலறியது. அவர்கள் கொண்டுவந்த புட்டி உயர்ந்த ரகம், பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். குழந்தை வளர்ந்த அநாதை இல்லத்திலோ ஒரு பெண் பல குழந்தைகளுக்குப் புகட்ட வேண்டும், ரப்பரில் துளை பெரிதாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் புட்டி காலி. நான்காம் நாள் அதே பணிப்பெண் ஓர் ஊசியைச் சூடாக்கி அந்த உயர்ந்த ரப்பரில் துளையைப் பெரிதாக்கினாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வகுப்பில் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குழந்தைக்கு இனி யார் தாய் என்பது உறைக்க வேண்டும், புகட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்களாகவே இருங்கள். ஆனால் யாரையும் தூக்க விடாமல் ஹனோயில் மூன்று வாரம் இருக்க முடியாது. சாப்பிட உட்கார்ந்தால் கடைக்காரப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். நீங்கள் ஃபோவை, அவர்களுடைய நூடுல்ஸ் சூப்பை, முடிக்கும்வரை வரமாட்டாள். அமெரிக்கப் பெண் முதல் முறை எழுந்து ஓடினாள். மூன்றாம் முறை இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

நீங்கள் அவளைவிடச் சுலபமாகத் தேறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். வியட்நாமியர் யாரைப் பார்த்தாலும் முதலில் வயதைக் கேட்பார்கள். அவளுக்கு அது நாகரிகமற்ற கேள்வியாகப் பட்டது. பாவம், அக்காவா தங்கையா என்று தெரியாமல் அந்த மொழியில் ஒரு வாக்கியம் பேச முடியாது. அங்கே 'நான்', 'நீ' என்ற இடத்தில் உறவுமுறைதான் வந்து உட்காரும். விடுதிக்காரம்மா குழந்தையை வாங்கிய முதல் நொடியிலேயே தன்னைப் பாட்டி என்றுதான் சொல்லிக்கொண்டாள். கண்ணேறு பயமும் நம்முடையதுதான். 'சோம் வீயா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குழந்தையைப் புகழ்வார்கள், இல்லாவிட்டால் 'அசிங்கம்' என்று கொஞ்சுவார்கள். வீட்டில் இறால் என்றும் நாய்க்குட்டி என்றும் கூப்பிடுவார்கள். பிச்சை, குப்பம்மா என்று பேர் வைத்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் விளக்கம் தேவையில்லை.

சிறுநீர் கழிக்க வைக்கவும் அங்கே ஒரு சீழ்க்கை உண்டு. நம் பாட்டிமார் வாயில் 'ஸ்ஸ்' என்று வருமே, அதேதான். பச்சைக் குழந்தையிலிருந்தே பழக்கிவிடுவார்கள். டயப்பர் மூட்டைகளைக் குறைத்துக்கொண்டு போகலாம்.

நீங்கள் போகும் சமயத்தில் அவர்களுடைய புத்தாண்டு, தெத், குறுக்கிடலாம். சந்திரக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2008இல் பிப்ரவரி 7. அதற்கு முன்னும் பின்னுமாக அலுவலகங்கள் மூடிவிட்டன, குழந்தையின் பாஸ்போர்ட் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. சாப்பாட்டுக் கடைகளும் கிடையாது. பால் மாவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு விடுதிக்காரம்மாதான் சோறு போட்டாள். ஒட்டும் பசையரிசியும் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் இலையில் கட்டி இரவு முழுக்க வேகவைத்த பான் சுங். சைவனான எனக்கு இறைச்சியைத் தோண்டி எடுத்துவிட்டுத் தந்தாள். சாப்பிட்டேன், அதற்குமேல் கேட்காதீர்கள்.

புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் யார் முதலில் காலடி வைக்கிறார்களோ அவர்களைப் பொறுத்துத்தான் அந்த வருடம் அமையும் என்பது அங்கே நம்பிக்கை. விடுதிக்காரம்மா எல்லோருடைய பிறந்த ஆண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பன்றி ஆண்டில் பிறந்த அந்தக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தாள். நள்ளிரவுக்கு முன் அமெரிக்கரைக் குழந்தையோடு தெருவில் நிறுத்திக் கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு அடித்ததும் திறந்தாள். குழந்தையின் கையில் ஒரு சிவப்பு உறை. "இனி இவளுக்கு இரண்டு வயது" என்று அறிவித்தாள். அவர்கள் கணக்கில் பிறக்கும்போதே ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று. அமெரிக்கர் முகம் வெளுத்துவிட்டது. ஏதோ ஒரு படிவத்தில் வயது தவறாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கோப்பைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். அதே 2008 ஏப்ரலில், பிறப்பு விவரங்களும் கைவிடப்பட்ட கதைகளும் பல கோப்புகளில் பொய்யாக எழுதப்பட்டிருக்கின்றன என்று அமெரிக்கத் தூதரகம் அறிக்கை வெளியிட்டது. செப்டம்பரில் அமெரிக்காவுக்கும் வியட்நாமுக்கும் இடையிலான தத்தெடுப்பு ஒப்பந்தம் காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. நாம் தின் மாகாணத்தில் 250க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பொய்ப் பத்திரம் தயாரித்த வழக்கில் 2009இல் 16 பேருக்குத் தண்டனை கிடைத்தது. 2011 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உள்நாட்டில் குடும்பம் கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு என்பது அதன் விதி. 2012 பிப்ரவரியில் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஹேக் உடன்படிக்கையும் அங்கே நடைமுறைக்கு வந்தது. முன்பைவிட நிலைமை மேல். இருந்தாலும் இரண்டு பக்கத்தில் ஒரு பிறப்பு அடங்காது, அதை இன்னும் நூறு முறை படித்தாலும் மூன்றாம் பக்கம் முளைக்காது.

மூன்றாம் பக்கத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். அந்த மூன்று வாரமும் அதற்குத்தான். பிற்பாடு அவள் கேட்கும்போது காகிதம் சொல்வதைவிட நீங்கள் கண்ணால் கண்டது உதவும். இல்லத்தில் அவளைத் தூக்கி வளர்த்தவர் எப்படிக் கூப்பிட்டார், கட்டிலில் பக்கத்தில் படுத்த குழந்தைகள் யார், கஞ்சியில் என்ன கலந்தார்கள் என்று கேளுங்கள். (அந்தக் கஞ்சிக்கு அங்கே 'சாவ்' என்று பெயர். நம் காதுக்கு அபசகுனம், குழந்தைக்கு அமுதம்.) காலில் யூகலிப்டஸின் தங்கை போல மணக்கும் ஒரு தைலம் தடவியிருப்பார்கள். ஒரு புட்டி வாங்கிவாருங்கள். வரும்போது உடுத்தியிருந்த சட்டையைத் துவைக்காமல் பையில் கட்டி வையுங்கள். அந்த அமெரிக்கப் பெண் கிளம்பும் நாளில் அலமாரியைத் திறந்து, மடித்திருந்த சட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிக்குள் முதலில் வைத்தது அதைத்தான்.

மாமியாரின் கேள்விக்கு: எந்த மொழியில் கோபம் வருமோ அந்த மொழியில் பேசுங்கள். 14 மாதக் குழந்தைக்குக் காதில் ஏற்கெனவே ஒரு மொழி இருக்கிறது, பத்துச் சொல்லாவது கற்றுக்கொண்டு போங்கள். சாப்பிட அழைக்க 'மம் மம்' என்றால் போதும், அது உங்களுக்கும் தெரியும். தாலாட்டு அங்கே 'ஆ ஒய்' என்று தொடங்கும். ஆராரோவுக்கு வழி விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிக நாள் ஆகாது.

ஜனவரியில் அங்கே குளிரும். தொப்பியும் காலுறையும் கொண்டு போங்கள். மறந்தாலும் கவலையில்லை. விடுதியை விட்டுப் பத்தடி நடப்பதற்குள் முன்பின் தெரியாத ஒரு கிழவி உங்களை நிறுத்தி, நடுத்தெருவில் திட்டி, தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் குழந்தையின் தலையில் சுற்றிவிட்டுத்தான் போவாள்.