பனிக்காலச் சம்பளத்தை நம்பி நிலத்தை ஒத்திக்கு விடலாமா?

கேள்வி: வயது 25. ஓட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் முடித்துவிட்டு கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் 17,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஜின்டபைன் என்ற ஏரிக்கரை மலையூரில் ஒரு வருடம் தங்கி, கிடைத்த வேலையைப் பார்த்துக்கொண்டு ஊர் சுற்ற ஆசை. ஏஜென்ட் ஒருவர், 4 லட்சம் கொடுத்தால் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா உறுதி என்கிறார். சேமிப்பு 1.2 லட்சம் இருக்கிறது. 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று ஓடுகிறது. அம்மாவின் நகை பத்து பவுன். மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தை ஒத்திக்கு விட்டுப் பணம் தருவதாக அம்மா சொல்கிறார். போகலாமா? - மன்னார்குடி பக்கத்து வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த 4 லட்சமும் வேண்டாம், ஒத்தியும் வேண்டாம்.

முதலில் ஏஜென்ட் விஷயம். 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கு இந்த விசாவில் வருடத்துக்கு 1,000 இடம்தான். அதுவும் குலுக்கல். 2024-ல் முதல் சுற்று நடந்தபோது இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பெயர் பதிந்தார்கள். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். கம்ப்யூட்டர் போடும் குலுக்கலில் உங்கள் பெயர் வரும் என்று யாராவது 'உறுதி' கொடுத்தால், அவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பெயர் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். இனி கணக்கு. டாலரைச் சுமாராக 60 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். விசாக் கட்டணம் 40,000 ரூபாய் சொச்சம். போக வர டிக்கெட்டுக்கு 90,000 ஒதுக்குங்கள். மருத்துவக் காப்பீடு, குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 50,000. ஆக 1.8 லட்சம் செலவு. இதற்கு மேல், கையில் சுமார் 5,000 டாலர், அதாவது 3 லட்சம் இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டு மறுநாளே கடன்காரரிடம் திருப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே வாடகை வாரக் கணக்கு. அட்வான்ஸாகவே நான்கு வார வாடகை வரை கேட்பார்கள். முதல் சம்பளம் வரும்வரை அந்தப் பணம்தான் சோறு போடும்.

வரவு எப்படி? ஜின்டபைன், ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காக 1960-களில் பழைய ஊரை ஏரிக்குள் விட்டுவிட்டு மேட்டில் கட்டிய ஊர். பெரிஷர், த்ரெட்போ பனிச்சறுக்குத் தளங்களில் வேலை பார்க்கும் பலர் இங்கே அறையைப் பங்கிட்டுத் தங்குவார்கள். பாத்திரம் கழுவுவது, அறை சுத்தம் செய்வது, சறுக்குச் சாமான் வாடகைக்கு விடுவது என்று வேலை இருக்கும். உங்களுக்கு லாட்ஜ் அனுபவம் கைகொடுக்கும். ஆனால் சீசன் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான். மேட்டூரில் ஜூன் 12 என்று நாள் குறித்திருந்தும் தண்ணீர் இல்லாவிட்டால் குறுவை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பனியும் அப்படித்தான். பனி குறைந்தால் வேலை நேரத்தை வெட்டிவிடுவார்கள். 'கேஷுவல்' ஆட்களுக்கு இத்தனை மணி நேர வேலை என்ற உத்தரவாதமும் கிடையாது, சம்பளத்தோடு லீவும் கிடையாது.

2025 ஜூலை நிலவரப்படி அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். கேஷுவல் ஆட்களுக்கு அதில் 25 சதவீதம் கூடுதல் என்பதால் 31 டாலர் சொச்சம். வாரம் 30 மணி நேரம் கிடைத்தால் 930 டாலர். இந்த விசாக்காரர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி. பிடித்தது போக 790. வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் 470 என்று வைத்தால் வாரம் 320 மிஞ்சும். பதினாறு வாரத்துக்கு ஐயாயிரம் டாலர், ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். உங்கள் 1.8 லட்சம் அதில் திரும்பிவிடும். ஏஜென்ட்டுக்கும் 4 லட்சம் கொடுத்திருந்தால்? சீசன் முழுக்கப் பாத்திரம் கழுவியும் கடன்தான் மிச்சம்.

ஆகவே பணத்தை இப்படித் திரட்டுங்கள். சேமிப்பு 1.2 லட்சம். சீட்டை இப்போதே தள்ளி எடுத்து நஷ்டப்படாதீர்கள். குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு எடுங்கள். பாக்கித் தவணைக்கு வழி செய்துவிட்டுக் கிளம்புங்கள், ஜாமீன் போட்டவர் வீட்டு வாசலில் யாரும் போய் நிற்கக் கூடாது. குறைகிற ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு நகைக்கடன் போதும். இன்றைய விலையில் மூன்று நான்கு பவுனுக்கு மேல் வைக்க வேண்டியிருக்காது. அடகுக்கடைக்குப் போகாமல் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். நிலத்தை ஒத்திக்கு விட்டால் பணத்தைத் திருப்பும்வரை விளைச்சல் அவர்களுக்கு. நீங்கள் ஏரிக்கரையில் இருக்கும்போது அம்மா அரிசியை விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வரி. சீசன் முடிந்ததும் அக்டோபரிலேயே திரும்பினால் அந்த நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருப்பீர்கள். அப்படியானால் ஆஸ்திரேலியச் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும்; அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். மே மாதம் கிளம்பி முழு வருடம் இருந்தால் அந்த நிதியாண்டுக்கு நீங்கள் என்.ஆர்.ஐ. அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்கை மட்டும் என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்திருக்கும் கணக்காக, மாற்றிவிடுங்கள். எனக்குக் கேட்டால் முழு வருடம் இருப்பதே மேல். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பதால், சீசனுக்குப் பிறகு எப்படியும் வேறு ஊர் பார்க்கத்தான் வேண்டும்.

சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி உங்கள் பெயரில் 'சூப்பர்' கணக்கில் கட்டுவார், நம் பி.எஃப். மாதிரி. நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பி விசாவும் முடிந்த பிறகு அதைக் கேட்டு வாங்கலாம். கணக்கில் சேரும்போது 15 சதவீதமும், எடுக்கும்போது 65 சதவீதமும் வரி பிடித்தாலும், மேலே போட்ட கணக்குப்படி 500 டாலர் சொச்சம் வரும். பலர் இதைக் கேட்பதே இல்லை. கணக்கு எண்ணையும் வரி எண்ணையும் ஊருக்குத் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.