லினக்ஸ் போன்றவற்றில் ஒரு நிரல் ஓட எடுக்கும் நேரத்தை அளக்கும் டைம் (time) கட்டளை ரியல், யூசர், சிஸ் என்று மூன்று நேரங்களைக் காட்டும். இவற்றில் எதை எடுத்துக்கொள்வது?

நிரல் முடிய நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதுதான் கேள்வி என்றால் ரியல். சுவர்க் கடிகாரம் காட்டும் நேரம் அது. யூசர் என்பது நிரலின் சொந்தக் கணக்குகளுக்குச் சிபியூ செலவிட்ட நேரம்; சிஸ் என்பது நிரலுக்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் உழைத்த நேரம்.

2 நொடி சும்மா தூங்கும் நிரலை 'டைம் ஸ்லீப் 2' (time sleep 2) என்று ஓட்டிப் பாருங்கள். ரியல் 2 நொடியைத் தொடும், மற்ற இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம். நிரல் தூங்கியது, சிபியூவுக்கு வேலையே இல்லை. நெட்வொர்க்குக்கோ டிஸ்க்குக்கோ காத்திருக்கும் நிரலிலும் இதே கதைதான். நேர்மாறாக, நிரல் சிபியூவின் 4 கோர்களில் (தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகளில்) ஒரே நேரத்தில் ஓடினால் யூசர் நேரம் ரியலைத் தாண்டிவிடலாம். அது பிழையல்ல, எல்லாக் கோர்களின் நேரமும் கூட்டப்படுகிறது.

சரி, ஒவ்வொரு முறையும் எண் ஏன் மாறுகிறது? முதல் ஓட்டத்தில் கோப்புகள் டிஸ்க்கிலிருந்து வரும், அடுத்த முறை பெரும்பாலும் நினைவகத்திலேயே இருக்கும். பின்னணியில் ஓடும் பிரவுசரும் தன் பங்குக்குக் குழப்பும். அதனால் ஒரே ஓர் அளவை வைத்து 'இது வேகம்' என்று முடிவு கட்டாதீர்கள். ஹைப்பர்ஃபைன் என்ற கருவி கட்டளையைப் பலமுறை ஓட்டி, சராசரியையும் விலகலையும் தரும். வார்ம்அப் ஓட்டங்களையும், அதாவது அளவில் சேராத முன்னோட்டங்களையும், கேட்டு வாங்கலாம்.

அப்புறம், திரையில் ஏராளமாக எழுதும் நிரல் என்றால் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு அளந்து பாருங்கள். இல்லையேல் டெர்மினலின் (கட்டளை தட்டும் சாளரத்தின்) மந்தத்தையும் சேர்த்து அளப்பீர்கள்.