உரிமையியல் மேல்முறையீடு: இளம் வழக்கறிஞர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சட்டப் படிப்பு முடிந்துவிட்டது. நேராக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுப் பணியில் சேரலாமா?

பதில்: முதலில் விசாரணை நீதிமன்றத்துக்குப் போங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் (இங்கே சொல்லும் பிரிவுகளும் கட்டளைகளும் அதிலுள்ளவையே) பிரிவு 96-இன்படியான முதல் மேல்முறையீட்டில் உண்மைகளையும் சட்டத்தையும் சேர்த்தே அலசலாம் என்றாலும், அலசுவதற்குக் கையில் இருப்பது கீழே பதிவான சாட்சியமும் சான்றாவணங்களும் மட்டுமே. கிரைய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில், மீதித் தொகையுடன் தயாராக இருந்ததாக வாதி தம் முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரத்தில் (தம் தரப்புச் சாட்சியமாக எழுதித் தருவதில்) சொல்கிறார்; குறுக்கு விசாரணையில் பிரதிவாதியின் வழக்கறிஞர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேல்முறையீட்டில் அவர் தரப்பு ‘வாதியிடம் பணமே இல்லை’ என்று வாதாடும்போது, நீதிபதி குறுக்கு விசாரணைப் பக்கங்களைப் புரட்டி, ‘இதைச் சாட்சியிடம் எங்கே கேட்டீர்கள்?’ என்பார். அங்கே எவ்வளவு திறமையான வாதமும் பெரிதாக உதவாது. அந்தக் கேள்வியின் கனம் சாட்சிக் கூண்டுக்கு எதிரே நின்று பழகியவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: விசாரணையில் தாக்கல் செய்யாத ஆவணத்தை மேல்முறையீட்டில் கொடுக்கலாமா?

பதில்: கட்டளை 41, விதி 27 மூன்று நிலைகளில் மட்டுமே இடம் தருகிறது: விசாரணை நீதிமன்றம் ஏற்க வேண்டிய சான்றை மறுத்திருக்க வேண்டும், அல்லது உரிய முயற்சி எடுத்தும் அப்போது அது தெரியவரவில்லை, கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும், அல்லது தீர்ப்புச் சொல்ல அது தேவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே கருத வேண்டும். விட்டுப்போன ஓட்டையை அடைப்பதற்கு அந்த விதி இல்லை.

கேள்வி: பழைய பட்டா இப்போதுதான் பெட்டியில் கிடைத்தது. தாக்கல் செய்யலாமா?

பதில்: முந்தைய பதிலைப் பாருங்கள். சொந்தப் பெட்டியில் தேடாமல் இருந்ததை உரிய முயற்சி என்று எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது.

கேள்வி: குற்றவியல் மேல்முறையீட்டில் தண்டனையை நிறுத்தி வைக்க என்ன செய்வது?

பதில்: அது என் துறை அன்று. குற்றவியல் வழக்குகளை நடத்துபவரிடம் உடனே கேளுங்கள்.

கேள்வி: நானும் வழக்கறிஞர்தான், உங்கள் முதல் பதிலை மறுக்கிறேன். விசாரணையை நடத்தியவர் மேல்முறையீட்டை நடத்தவே கூடாது. தம் குறை தமக்குத் தெரியாது.

பதில்: பாதியை ஒப்புக்கொள்கிறேன். மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதும்போது புதிய கண் வேண்டும். விசாரணையை நடத்தியவர் பதிவில் இல்லாததையும் நினைவிலிருந்து சேர்த்துப் படித்துவிடுவார். ஆனால் எந்தச் சான்றாவணம் எந்த ஆட்சேபத்துக்கு உட்பட்டுக் குறியிடப்பட்டது என்பதை உடனே எடுத்துக் காட்டக்கூடியவர் அவரே. ஆகவே மூத்தவர் வாதாடட்டும், விசாரணையை நடத்தியவர் அருகில் இருக்கட்டும்.

கேள்வி: (அதே வழக்கறிஞர்) முதல் மேல்முறையீட்டின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் இரண்டாம் மேல்முறையீட்டிலுமா?

பதில்: அங்கே உங்கள் வாதத்துக்கு வலு அதிகம். 1976 திருத்தத்துக்குப் பின் பிரிவு 100-இன்கீழ் முக்கியச் சட்ட வினா எழ வேண்டும்; உண்மை பற்றிய முடிவைப் பொதுவாக மறுபடி திறக்க முடியாது. அங்கே சட்ட வினாவைச் சரியாக வடிக்கத் தெரிந்தவரே தேவை. அப்போதும், சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவு என்று வாதாடுவதற்குப் பதிவை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: மேல்முறையீட்டில் புதிய ஆவணம்...

பதில்: விதி 27. மேலே இருக்கிறது.

கேள்வி: மேல்முறையீடு தாக்கல் செய்துவிட்டோம். எதிர்த்தரப்பு, தீர்ப்பாணையை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனு போட்டிருக்கிறதே?

பதில்: போடலாம். மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. கட்டளை 41, விதி 5-இன்படி தடையாணை தனியே கேட்டுப் பெற வேண்டும். இன்றே மனுச் செய்யுங்கள்.

கேள்வி: மேல்முறையீடு தாக்கல் செய்யக் காலக்கெடு எவ்வளவு?

பதில்: தீர்ப்பாணைத் தேதியிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள், பிற நீதிமன்றங்களுக்கு 30 நாள். தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் நகல் தயாராகும் காலம் கழிக்கப்படும். நகல் மனுப் போடாமல் இருந்த நாட்கள் கழிக்கப்படமாட்டா. எனவே தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள்.