எம்.2 எஸ்எஸ்டி மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனதா?

வணக்கம். புதிய எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் சிறிய சேமிப்பு அட்டை) வேலை செய்கிறது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அமைப்புத் திரை) தெரியவில்லை என்கிறீர்கள். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் சில சாட்டா போர்ட்டுகளும் (ஹார்ட் டிஸ்கின் டேட்டா கேபிளைச் செருகும் இடங்கள்) ஒரே தரவுப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறியதும் அந்தப் போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும்.

எந்தப் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என இரு வகை உண்டு; மாட்டியது எது என்பதைப் பொறுத்தும் மாறலாம். என்விஎம்இ எஸ்எஸ்டியின் முனையில் பெரும்பாலும் ஒரே வெட்டு இருக்கும். சாட்டா வகையில் இரண்டு. ஆனாலும் லேபிளைப் படித்து உறுதி செய்வதே நல்லது. பிறகு மதர்போர்டு கையேட்டில் எம்.2 பற்றிய அட்டவணையைப் பாருங்கள்.

கணினியை அணைத்து, பவர் கேபிளைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பட்டனை 5 நொடி அழுத்துங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்கின் டேட்டா கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள். டிஸ்கின் பவர் கேபிளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எஸ்எஸ்டி மாட்டும்போது கை பட்டு அது தளர்ந்திருக்கலாம்.

மிக முக்கியமானது: பழைய டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' (புதிய டிஸ்க் போலத் தயார்படுத்துவது) செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்கின் பகுதிகள் எங்கே உள்ளன என்ற பதிவு) புதிதாக எழுதப்பட்டு, உங்கள் கோப்புகளை எட்ட முடியாமல் போய்விடும். எல்லாப் போர்ட்டிலும் தெரியாவிட்டால், கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மதர்போர்டு மாடல் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.