யூரியா போட்டும் பயிர் வெளிறுகிறதே?

கேள்வி: ஈரோடு பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மஞ்சள் தோட்டம். சில வருடம் முன்பு, எரு மாதிரி வேலை செய்யும் என்று சொன்னதை நம்பி, ஒரு தோல் ஆலையின் கழிவுச் சேற்றை ஒரு மூலையில் கொட்டி உழுதுவிட்டோம். அந்த மூலையில் மட்டும் யூரியா போட்டாலும் பயிர் வெளிறிக் கிடக்கிறது, போன வருடம் மடக்கி உழுத சோளத்தட்டுகூட மக்கவில்லை. ஏன்?
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: மக்காத அந்தத் தட்டுதான் எனக்குப் பெரிய தடயம். தட்டை மக்க வைப்பதும் யூரியாவை உடைப்பதும் மண்ணில் நுண்ணுயிர்கள் சுரக்கும் நொதிகள் (என்சைம்கள்). யூரியேஸ் என்கிற நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, அப்புறம் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்கினால்தான் தழைச்சத்தில் பெரும்பங்கு பயிருக்குப் போய்ச் சேரும். காட்மியம், ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் மண்ணில் கூடினால், நொதியில் கந்தகம் உள்ள இடத்தில் ஒட்டி அதன் உருவத்தையே குலைத்துவிடும். தோல் ஆலைச் சேற்றில் பெரும்பாலும் இருப்பது குரோமியம், அது அளவு மீறினால் நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரே குறைந்துபோகும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். மண்ணில் நிறமில்லாத ஒரு கரைசலை ஊற்றி ஒரு நாள் கதகதப்பில் வைத்தால், நல்ல மண்ணில் அது சிவந்துவிடும், கெட்ட மண்ணில் வெளிறியே நிற்கும். பார்க்கவே மனசு கனத்துப்போகும்.

ஆனால் சேற்றில் உப்பும் வந்திருக்கும், அதனாலும் இப்படி ஆகலாம். அதனால் கெட்ட மூலையிலும் நல்ல இடத்திலும் தனித்தனியாக, இரும்பு மண்வெட்டி தொடாமல் மரக்குச்சியால் மண் எடுத்துக் கொடுங்கள். சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் பார்க்க மாட்டார்கள், அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யாராவது சொன்னார்கள் என்று சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள்: நம் பக்கத்து மண் பல இடத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு மண், குரோமியத்தின் நச்சு கூடிய ஆறு இணைதிற வடிவம் காரத்தில் இன்னும் எளிதாக நகரும்.

நன்றாக மக்கிய மாட்டுக்குப்பையைத் தாராளமாகப் போடுங்கள். அது அந்த நச்சு வடிவத்தை நச்சு குறைந்த மூன்று இணைதிற வடிவமாக மாற்றி மண்ணிலேயே பிடித்து வைக்கும், நுண்ணுயிருக்கும் தீனி. குரோமியம் மண்ணைவிட்டுப் போய்விடாது, கட்டுப்பட்டு நிற்கும், அவ்வளவுதான். அறிக்கை வரும்வரை அந்த மூலையில் கீரை வேண்டாம், அங்கே ஓட்டிய கலப்பையைக் கழுவாமல் மற்ற வயலுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.