இந்தக் காடு தானாக வளர்ந்ததா? நிலத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

கேள்வி: காடு, ஏரி என்று நடக்கப் போவது என் வழக்கம். அந்த இடம் இயற்கையாக அமைந்ததா, முன்பு மனிதர்கள் மாற்றியதா என்று பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் மரங்களைப் பாருங்கள். நெருக்கமான காட்டில் வளரும் மரம் வெளிச்சம் தேடி நேராக மேலே போகும். கீழ்க்கிளைகள் நிழலில் காய்ந்து விழுந்துவிடும். அப்படிப்பட்ட காட்டின் நடுவே, தாழ்வாகவே நாலாபக்கமும் கிளை விரித்த முதிர்ந்த மரம் ஒன்று நின்றால், அது இளமையில் திறந்தவெளியில் வளர்ந்த மரம். அங்கே வயலோ மேய்ச்சல் நிலமோ இருந்திருக்கலாம். காடு பின்னால் வந்து சூழ்ந்திருக்கிறது.

அப்புறம் தரை. மாலை வெயில் சாய்வாக விழும்போது நடந்து பாருங்கள். உச்சி வெயிலில் சமதளமாகத் தெரிந்த புல்வெளியில் பழைய உழவு மேடுகள் வரிவரியாக நிழல் காட்டும். இங்கிலாந்தின் இடைக்கால வயல்களில் இந்த வரிகளின் இரு முனைகளும் வளைந்திருக்கும். நீளமான எருதுப் பூட்டைத் திருப்ப உழவர் முன்கூட்டியே வளைக்கத் தொடங்கியதன் தடம் அது.

ஏரிகளில்தான் ஏமாறுவது சுலபம். கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் ஏரிகளை இயற்கை ஏரிகள் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1950-களில் தாவரவியலாளர் ஜாய்ஸ் லாம்பர்ட் வரிசையாகத் துளையிட்டு மண் எடுத்துப் பார்த்தார். கரைகள் சரிவாக இறங்காமல், மண்வெட்டியால் வெட்டியதுபோலச் செங்குத்தாக இருந்தன. எரிபொருளுக்காக இடைக்காலத்தில் பீட் என்ற கரிமண்ணை வெட்டியெடுத்த குழிகள் அவை. பிற்பாடு தண்ணீர் நிறைந்துவிட்டது.

மண்ணின் நிறமும் பேசும். அமேசான் காட்டின் வெளிறிய, சத்துக் குறைந்த மண்ணுக்கு இடையே கருமண் திட்டுகள் உண்டு. கரித்துண்டு, எலும்பு, பானை ஓடு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தவர்களின் அடுப்பும் குப்பையும் உண்டாக்கிய வளம் அது. நீங்கள் எங்கேயும் தோண்ட வேண்டாம். வேரோடு சாய்ந்த மரம் தூக்கிவிட்ட மண்ணைப் பார்த்தாலே போதும்.

ஆனால் 'இயற்கையா, செயற்கையா' என்று பிரிக்கும்போது பாதிக் கதை விட்டுப்போகிறது என்பது என் கருத்து. நெதர்லாந்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பீட் சதுப்பை வடித்து உழுதார்கள். நீர் வடிந்த பீட் காற்றுப்பட்டு மட்கி, நிலம் அமிழ்ந்தது. கரை கட்ட வேண்டிவந்தது. அதைப் பராமரிக்க ஊர்கள் கூடி நீர் வாரியங்களை அமைத்தன. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து காற்றாலைகள் நீரை இறைத்தன. இறைக்க இறைக்க நிலம் இன்னும் தாழ்ந்தது. அந்த வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. மனிதன் நிலத்தை மாற்றினான், சரி. நிலம் அவனுடைய ஆட்சிமுறையையே மாற்றிவிட்டது.

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மரம், தரை, மண் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த இடத்தின் பழைய வரைபடத்தையும் இடப்பெயர்களையும் தேடுங்கள். காட்டு நடுவில் 'வயல்' என்று முடியும் ஒரு பெயர் கிடைத்தால், அந்த விரிந்த மரத்தை மறுபடி போய்ப் பாருங்கள்.