காண்ட்ரா நடனத்துக்குக் ‘கால்’ (call) சொல்பவர் மேடை மைக், மிக்சர், மானிட்டரை எப்படிக் கையாள வேண்டும்?

கேள்வி கேட்டவர் புதிதாகக் காண்ட்ரா நடனத்துக்குக் ‘கால்’ சொல்ல, அதாவது அடுத்த அசைவை மைக்கில் அறிவிக்க, ஆரம்பித்திருக்கிறார். மேடையில் கிடக்கும் வயர்களையும் குமிழ்களையும் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறதாம். கையில் பிடிக்கும் மைக்கா, தலையில் மாட்டுவதா, சொந்தமாக ஸ்பீக்கர் செட் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் அமெரிக்காவில் மேற்கு மாசசூசெட்ஸில் இருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சுற்றுவட்டார ஊர்களில் கால் சொல்கிறேன். சவுண்ட் எஞ்சினியர் கிடையாது. நல்ல சவுண்ட்காரர்கள் பலரிடம் திட்டு வாங்கியவன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்துப் பக்கம் டவுன் ஹாலிலும் கிரேஞ்ச் என்கிற விவசாயிகள் சங்கக் கட்டடங்களிலும் நடக்கும் கூட்டு நடனம்தான் காண்ட்ரா. கிரீன்ஃபீல்டில் இருக்கும் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் இதற்குப் பேர் போன இடம். நியூ ஹாம்ப்ஷயரில் நெல்சன் என்ற சின்ன ஊரில் திங்கட்கிழமை ராத்திரி ஆடுவார்கள். ஜோடி ஜோடியாக நீள வரிசைகளில் நிற்பார்கள், மேடையில் ஃபிடில், பியானோ, கிட்டார் என்று நிஜ வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். அடுத்து என்ன அசைவு என்று மைக்கில் சொல்பவர் காலர். சட்டைக் காலர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. நம்மூர் நட்டுவனாரை நினைத்துக்கொண்டால் பாதி சரி. நட்டுவனார் தாளத்தோடு சேர்ந்து சொல்வார். காலர், தாளம் வருவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்திருக்க வேண்டும்.

எவ்வளவு முன்னால்? ஒரு நடனத்தின் ஒரு சுற்று 64 எண்ணிக்கை. நிமிடத்துக்கு 116 அடி என்ற வேகத்தில் அது 33 நொடியில் முடிந்துவிடும். ‘நெய்பர்ஸ், பேலன்ஸ் அண்ட் ஸ்விங்’ (எதிர் ஜோடியில் இருப்பவரோடு ஒரு அடி முன்னும் பின்னும் வைத்து, பிடித்துச் சுழல்வது) என்பதை முந்தைய அசைவின் கடைசி நாலு எண்ணிக்கைக்குள் சொல்லிவிட வேண்டும். கையில் இருப்பது 2 நொடி. ஹாலின் கடைசியில் இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்து நிற்கும் ஒருவருக்கு அந்த 2 நொடியில் ஒரு சொல் புரியவில்லை என்றால், அவர் தப்பான பக்கம் திரும்புவார். அவரும் இன்னொரு ஜோடியுமாகச் சேர்ந்த நாலு பேர் குழு குழம்பும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஜோடியும் புது ஜோடியிடம் நகர்வதால், அந்த நாலு பேர் வேறு இரண்டு குழுக்களைக் குழப்புவார்கள். மிக்சரில் (ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் பலகையில்) எதைத் திருப்பலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் நான் அந்தக் கடைசி ஆளைத்தான் பார்ப்பேன்.

அவருக்குத் தேவை சத்தம் இல்லை, மெய்யெழுத்து.

பேச்சில் பலம் முழுக்க உயிரெழுத்தில்தான். அது எவ்வளவு தூரமானாலும் போய்விடும். அர்த்தத்தைச் சுமப்பது க், ட், ஸ், ஃப் மாதிரி மெலிந்த ஒலிகள். மரத் தரை, உயரமான கூரை, வெறும் சுவர் உள்ள ஹாலில் முதலில் தொலைவது அவைதான். ‘சர்க்கிள் லெஃப்ட்’ என்றால் கை கோத்துக் கடிகாரச் சுற்றில் போக வேண்டும். ‘ஸ்டார் லெஃப்ட்’ என்றால் நாலு பேரும் இடக்கையை நடுவில் கொடுத்து எதிர்ச்சுற்றில் போக வேண்டும். எதிரொலிக்கும் ஹாலில் இரண்டும் ‘ஸ்ஆ… எஃப்’ என்றுதான் கேட்கும். நாலு பேரில் இருவர் ஒன்றாகவும் இருவர் மற்றொன்றாகவும் கேட்டுக்கொண்டால் நேராக மோதிக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன், மூக்குக் கண்ணாடி ஒன்று போயிருக்கிறது.

என் முதல் நாள் கதை. ஊரில் விழாக்களுக்கு நிகழ்ச்சித் தொகுப்பு செய்த பழக்கத்தில் மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை என்று பின்னாலிருந்து கை காட்டினார்கள். சவுண்ட்காரர் ஏற்றினார், மைக் வீல் என்று கூவியது. இறக்கினார், மறுபடி கேட்கவில்லை. இடைவேளையில் மேடைக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, மைக்கை என் உதட்டில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இங்கேதான் இருக்கணும். தலையைத் திருப்பினால் இதுவும் கூடவே திரும்பணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்ச ராத்திரி ஒரு தொல்லையும் இல்லை.

காரணம் எளிது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். 3 சென்டிமீட்டரில் ஆரம்பித்து, அசைவுகளை எழுதி வைத்திருக்கும் கார்டைக் குனிந்து பார்க்கும்போது 12-க்குப் போய்விட்டால் 12 டெசிபெல் போச்சு. அதைச் சரிக்கட்ட சவுண்ட்காரர் ஏற்றுகிற ஏற்றில் ஃபிடிலும் ஹாலின் எதிரொலியும் சேர்ந்து உங்கள் மைக்குக்குள் நுழையும். கூவல் அங்கேதான் பிறக்கிறது: ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குள் போய், அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து, ஒரே ஒரு சுருதி மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் பெருத்துக்கொண்டே போகும். வாய் பக்கத்தில் இருந்தால் அவர் ஏற்றவே வேண்டியதில்லை.

ஆனால் இவ்வளவு பக்கத்தில் பேசினால் இன்னொன்று நடக்கும். ஒரு திசையை மட்டும் கேட்கிற மைக்குகள் பெரும்பாலானவற்றில் கிட்டப் போகப் போக அடிக்குரல் வீங்கும். ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி கனமாக, கேட்க ஜோராக இருக்கும். மெய்யெழுத்து முழுக்க அதற்கு அடியில் புதைந்துவிடும். அதனால் சவுண்ட்காரரிடம் நான் முதலில் கேட்பது, “என் சேனலில் லோ-கட் போட்டாச்சா?” சின்ன மிக்சர்களில் அது ஒரே பொத்தான், 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும். அப்புறமும் குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்கச் சொல்வேன். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாக ஏற்றலாம், அங்கேதான் ‘க்’கும் ‘ட்’டும் தெளியும். ரொம்ப ஏற்றினால் கூவல் அங்கே கிளம்பும். ரிவெர்ப் என்கிற எதிரொலி எஃபெக்ட்டை என் குரலில் சுத்தமாக அணைத்துவிட வேண்டும். ஃபிடிலுக்கு அது அழகுதான். என் குரலுக்கு, ஹாலே வேண்டிய மட்டும் போட்டுத் தருகிறது.

சவுண்ட் செக்கில் ‘செக், ஒன், டூ’ என்று முணுமுணுப்பதால் ஒரு பயனும் இல்லை. நம்மூர் ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ பரம்பரையில் வந்தவன்தான் நானும், இருந்தாலும் சொல்கிறேன். பாண்ட் முழு வேகத்தில் ரீல் என்கிற வேகமான மெட்டு ஒன்றை வாசிக்கட்டும். அதன் மேல் ஆட்டத்தில் சொல்லப்போகும் கால் சொற்களை உண்மையான குரலில் சொல்லுங்கள். ஒரு நண்பரைக் கடைசிச் சுவரோரம் நிறுத்தி, என்ன சொன்னேன் என்று கேளுங்கள். கேட்குதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்குது என்றுதான் சொல்வார்கள். காலி ஹால் மொய்யென்று ஒலிக்கும். நூறு பேர் உள்ளே வந்ததும் உடம்புகளும் துணிகளும் மேல் சுருதிகளைக் குடித்துவிடும். முதல் நடனத்திலேயே ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில் தலைக்கு மேலே, மைக்குகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். தலை மட்டத்தில் வைத்தால் முதல் வரிசை ஆட்களே முக்கால்வாசியை வாங்கிக்கொள்வார்கள்.

சரி, கையில் பிடிப்பதா, தலையில் மாட்டுவதா?

நான் கையில் பிடிக்கும் கம்பி மைக் கட்சி. எஸ்எம்58 வைத்திருக்கிறேன், 1966-லிருந்து ஷூர் கம்பெனி விற்கும் அதே பழைய பனிக்கூழ்க் கூம்பு. அது முன்னாலிருந்து வருவதைக் கேட்கும், நேர் பின்னாலிருந்து வருவதை ரொம்பக் குறைவாகக் கேட்கும். அதனால் மானிட்டர் ஸ்பீக்கரை (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க அவர்கள் பக்கம் திருப்பி வைப்பது) மைக்கின் வாலுக்கு நேரே வைக்க வேண்டும். இன்னும் ஒடுங்கிய திசையைக் கேட்கும் சூப்பர்கார்டியாய்ட் வகை மைக் என்றால் கதை வேறு. அதற்குச் செவிடு நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் இரண்டு ஓரங்களில். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரை மாற்றாமல் விட்டால் கூவும். இன்னொரு தப்பு, ராப் பாடகர் மாதிரி கம்பி வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது. மைக் திசை பார்க்கும் வித்தையே கேப்ஸ்யூல் என்கிற ஒலி வாங்கும் பகுதியின் பின்னால் இருக்கும் துளைகளில்தான் இருக்கிறது. அவற்றைப் பொத்தினால் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து, அடுத்த நொடி ஊளையிடும்.

தலையில் மாட்டுவதில் சுகம் உண்டு. கை இரண்டும் காலி, தூரம் மாறாது. கற்றுக்கொடுக்கும்போது கீழே இறங்கி ஆடிக் காட்டலாம். ஆடிக் காட்டப் போகும் இடம் மெயின் ஸ்பீக்கருக்கு முன்னால் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒருமுறை நடு நடனத்தில் என் தலை மைக்கின் பேட்டரி போய்விட்டது. வாய் அசைகிறது, குரல் இல்லை, எண்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். பாண்ட்காரர்களோ பாவம் ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்த ஒயர்லெஸ் வைத்தாலும் பக்கத்தில் ஒரு கம்பி மைக் ஸ்டாண்டில் தயாராக இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பழைய ஒயர்லெஸ் செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். 600 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பெரும்பகுதியை அரசு செல்போன் கம்பெனிகளுக்கு ஏலம் விட்டுவிட்டது. 2020 ஜூலை 13 முதல் அங்கே ஒயர்லெஸ் மைக் பயன்படுத்தக் கூடாது. பழைய மைக்குகள் பல அந்த வரிசையில்தான் ஓடுகின்றன.

மைக்கில் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கலாமா என்பது தீராத சண்டை. சவுண்ட்காரர்களுக்கு ஸ்விட்ச் பிடிக்காது. நீங்கள் அணைத்தது தெரியாமல் அவர்கள் மிக்சரில் தேடிக்கொண்டிருப்பார்கள். காலருக்கு அது வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் பாதி நேரம் நாம் பாண்டோடு பேசுகிறோம்: இன்னும் மூன்று சுற்று, கொஞ்சம் வேகத்தைக் குறையுங்கள். ஒருநாள் பியானோக்காரரிடம் குனிந்து, “இடதுபக்க வரிசை கஞ்சியாகிவிட்டது, இன்னும் இரண்டு சுற்றில் முடித்துவிடலாம்” என்றேன். மைக் திறந்தே இருந்தது. இடதுபக்க வரிசை முழுவதும் நின்று எனக்குக் கை தட்டியது. இப்போதெல்லாம் காலால் மிதிக்கிற மியூட் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன், ஒரு மிதியில் ஹாலுக்குப் போகும் குரல் நின்றுவிடும். அது இல்லாதவர்கள் விரலைக் காட்டினால் போதும், மூன்று விரல் மூன்று சுற்று என்று பாண்ட்காரர்களுக்குத் தெரியும்.

மானிட்டரைப் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. தன் குரலைக் கேட்கத்தான் மானிட்டர் என்று நினைக்கிறார்கள். எனக்கு என் குரல் அதில் கொஞ்சம் வந்தால் போதும். எனக்கு வேண்டியது ஃபிடிலின் மெட்டும் பியானோவின் இடக்கையும். மெட்டு எங்கே முடிகிறது, அடுத்த பகுதி எங்கே தொடங்குகிறது என்று காதில் விழாவிட்டால் நாலு எண்ணிக்கை முன்னால் சொல்வது எப்படி? மேடையில் கிட்டார்காரருக்குப் பக்கத்தில் நின்றால் கிட்டார் மட்டும்தான் கேட்கும், சுற்றின் தலை எது வால் எது என்று தெரியாது. அதனால் என் மானிட்டருக்குத் மிக்சரிலிருந்து ஆக்ஸ் என்கிற தனி வெளியீடு கேட்டு வாங்குவேன். ஃபிடிலும் பியானோவும் முன்னால், என் குரல் ஒரு சிட்டிகை.

முதல் நாலைந்து சுற்றுக்கு என் குரல் பாண்டுக்கு மேலே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதற்குள் ஆட்டம் கால்களில் இறங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு சொல்லாகக் குறைத்து, வாயை மூடி, மைக்கையும் மூடிவிடுவேன். வந்தவர்கள் வந்தது பாட்டுக்குத்தான். காது மந்தமான பெரியவர்கள் நிறைய வரும் நடனம் இது. காது இயந்திரத்துக்கு நேராகக் குரலை அனுப்பும் வசதி அந்த ஹாலில் இருந்தால், அதற்குக் காலர் மைக்கை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், ஃபிடிலை வேண்டாம்.

கடைசிக் கேள்வி: ஸ்பீக்கர் செட் வாங்கலாமா? இப்போது வேண்டாம். சொந்தமாக ஒரு மைக், 25 அடியில் மைக்குக்கான ஒரு நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள், வட்ட அடிப்பாகம் உள்ள ஒரு ஸ்டாண்ட், இவ்வளவு போதும். முக்காலி ஸ்டாண்டில் நான் இரண்டு முறை கால் தடுக்கியிருக்கிறேன். நடனம் முடிந்ததும் அந்தக் கேபிளை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் கயிறு மாதிரிச் சுற்றாதீர்கள். உள்ளே கம்பி முறுக்கேறி, ஒருநாள் கரகரக்கும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கம் திருப்பி என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்தாரே, அந்தப் பெரியவர்தான் இதையும் கற்றுக்கொடுத்தார். நான் சுற்றியதைக் கையிலிருந்து பிடுங்கி, உதறி, முதலிலிருந்து சுற்றினார்.